மாவே சேராத சாக்லேட் கேக்: விடுமுறை விருந்தில் எல்லோரும் ஒன்றையே சாப்பிட என்ன செய்யலாம்?

தூறல்

அனைவருக்கும் வணக்கம். விடுமுறைக்கு எங்கள் வீட்டில் உறவினர்கள் 20 பேர் கூடுகிறார்கள். என் நாத்தனாரின் மகளுக்குச் சீலியாக் நோய் (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உடலுக்கு ஆகாத நோய்) இருப்பதாக இந்த ஆண்டு உறுதியாகியிருக்கிறது. பத்து வயதுப் பெண், சாக்லேட் என்றால் உயிர். மற்றவர்கள் பெரிய கேக்கை வெட்டிச் சாப்பிடும்போது அவளுக்கு மட்டும் ஒரு மூலையில் தனிக் கிண்ணம் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எல்லோருக்கும் என்ன பரிமாறுகிறேனோ அதையே அவளும் சாப்பிட வேண்டும்.

வழக்கமான கேக் எனக்கு நன்றாக வரும். ஓவன் இருக்கிறது. முதல் நாளே செய்து வைக்க முடிந்தால் பெரிய உதவி. குளூட்டன் இல்லாத மாவுக் கலவை வாங்கி, கைக்குப் பழகிய அதே கேக்கைச் செய்யலாமா? இல்லை, வேறு ஏதாவது எளிதாக இருக்கிறதா?

இனிப்புப் பிரியன்

மாவுக் கலவையே போதும், தயங்காதீர்கள். ஆனால் கேக்குக்குப் பதில் பிரவுனி செய்யுங்கள். பிரவுனியில் மாவு குறைவு, வெண்ணெயும் சாக்லேட்டும் அதிகம் என்பதால் மாவை மாற்றியது யாருக்கும் தெரியாது. கலவைகளில் பெரும்பாலும் அரிசி மாவு, உருளைக்கிழங்கு ஸ்டார்ச், மரவள்ளி ஸ்டார்ச் இருக்கும். மைதாவின் எடைக்குச் சமமாகவே எடுத்துக்கொள்ளலாம். கரைத்த மாவை அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட்டுப் பிறகு ஓவனில் வையுங்கள். அரிசி மாவு ஈரத்தை மெதுவாகத்தான் இழுக்கும். உடனே சுட்டால் நாக்கில் நறநறவென்று இருக்கும்.

அடுமனை ஆர்வலர்

தூறல், மாவுக் கலவையைத் தேடி அலைய வேண்டாம் என்பதே என் கருத்து. மாவுள்ள பண்டத்தில் மாவை மாற்றுவதைவிட, பிறவியிலேயே மாவு இல்லாத பண்டத்தைத் தேர்ந்தெடுப்பது எளிது, சுவையும் மேல். "பரவாயில்லை, கோதுமை இல்லாததற்கு நன்றாகத்தான் இருக்கிறது" என்று யாரும் ஆறுதல் சொல்ல வேண்டிய நிலையே வராது.

காரணம் சொல்கிறேன். மைதாவில் உள்ள குளூட்டன், நீருடன் பிசையும்போது ஒரு வலையாகப் பின்னிக்கொண்டு காற்றைப் பிடித்து வைக்கிறது. பிரெட்டுக்கு அந்த வலை இல்லாமல் முடியாது. அடர்த்தியான சாக்லேட் கேக்குக்கு அது தேவையே இல்லை. முட்டையின் புரதம் சூட்டில் இறுகி கேக்கை நிற்க வைக்கும். கோகோ பவுடர் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆறியதும் சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெய் உறைந்து துண்டு போட உதவும். மாவுக்கு அங்கே வேலை மிச்சமில்லை.

20 செ.மீ. வட்ட டின் ஒன்றுக்கான அளவு:

டார்க் சாக்லேட் 200 கிராம் (கோகோ 55 முதல் 70 சதவீதம்), உப்பில்லாத வெண்ணெய் 120 கிராம், சர்க்கரை 150 கிராம், முட்டை 4, கோகோ பவுடர் 40 கிராம், உப்பு கால் தேக்கரண்டி, வெனிலா ஒரு தேக்கரண்டி. இன்ஸ்டன்ட் காபித்தூள் அரைத் தேக்கரண்டி சேர்த்தால் சாக்லேட்டின் சுவை தூக்கலாக இருக்கும், காபி வாசம் தெரியாது. சிறுவர்களுக்கு வேண்டாம் என்று நினைத்தால் விட்டுவிடலாம்.

ஓவனை 180 டிகிரி செல்சியஸில் சூடாக்குங்கள். டின்னில் வெண்ணெய் தடவி, அடியில் பட்டர் பேப்பர் போட்டு, பக்கங்களில் கோகோ பவுடர் தூவுங்கள். பழக்க தோஷத்தில் மைதா டப்பாவுக்குக் கை போகும் இடம் இதுதான், கவனம். சாக்லேட்டையும் வெண்ணெயையும் சேர்த்து உருக்குங்கள். சர்க்கரை, உப்பு, வெனிலா கலந்து, கலவை கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கலக்குங்கள். கடைசியில் கோகோவைச் சலித்துச் சேர்த்து, கட்டி மறையும் வரை மட்டும் கலந்து டின்னில் ஊற்றிவிடலாம். சுமார் 25 நிமிடம். மேலே மெல்லிய ஏடு கட்டி, டின்னை அசைத்தால் நடுப்பகுதி திரவமாகத் தளும்பாமல் லேசாக அதிர வேண்டும். வெப்பமானி இருந்தால் நடுவில் 93 டிகிரி வந்ததும் எடுத்துவிடுங்கள்.

இந்த கேக் அடர்த்தியானது, மெல்லிய துண்டே போதும். ஒரு டின்னில் 10 முதல் 12 துண்டுகள் வரும். உங்களுக்கு இரண்டு டின் வேண்டும். முதல் நாள் செய்வது வசதிக்காக மட்டுமல்ல. ஒரு இரவு இருந்த கேக்தான் உண்மையிலேயே நன்றாக இருக்கும்.

சமையல் மாணவன்

ஐயா, ஒரு சந்தேகம். நான் சாக்லேட் உருக்கும்போது சில நேரம் பளபளப்பு போய்ச் சொரசொரவென்று கட்டியாகிவிடுகிறது. அதிகச் சூடுதான் காரணமா?

வேதிச்சமையல்

சூடும் காரணமாகலாம், ஆனால் பெரும்பாலும் தண்ணீர்தான். சாக்லேட் என்பது கோகோ வெண்ணெய் என்ற கொழுப்பில் மிதக்கும் சர்க்கரைத் துகள்களும் கோகோத் துகள்களும்தான். அதில் ஈரம் கிடையாது. ஒரு சொட்டு நீர் விழுந்தால் சர்க்கரைத் துகள்களின் மேற்பரப்பு ஈரமாகி அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஈரக் கரண்டி, கீழே கொதிக்கும் பாத்திரத்தின் ஆவி, சரியாகத் துடைக்காத கிண்ணம், எதுவும் போதும்.

கட்டிவிட்டதைத் தூக்கி எறிய வேண்டாம். வெந்நீரோ சூடான பாலோ ஒவ்வொரு கரண்டியாக ஊற்றிக் கலக்கிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் மறுபடியும் வழவழப்பாகிவிடும். கொஞ்சம் நீர் கெடுக்கும், நிறைய நீர் சரிசெய்யும். அப்படி மீட்டெடுத்ததைச் சாஸாகப் பயன்படுத்துங்கள், கேக்குக்குப் புதிதாக உருக்குங்கள்.

கோகோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால் அடுப்பில் நேரடியாக வைக்கத் தேவையில்லை. கொதித்த நீரை இறக்கி, அதன் மேல் கிண்ணத்தை நீரில் படாமல் வைத்தாலே உருகும். மைக்ரோவேவ் என்றால் பாதிச் சக்தியில் 30 விநாடி வைத்து, எடுத்துக் கிளறி, மறுபடி 30 விநாடி. வெண்ணெயும் கூடவே இருப்பதால் இந்தக் கேக்கில் சாக்லேட் கருகும் ஆபத்து குறைவு.

நிலாமுற்றம்

தூறல், என் மகனுக்கும் சீலியாக். அவனுக்காகச் சமைக்கும் வீடுகளில் எத்தனையோ முறை விருந்தாளியாக உட்கார்ந்திருக்கிறேன். உங்களைப் போல் முன்கூட்டியே யோசிப்பவர்களைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. அதனால்தான் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்முறை பாதி வேலைதான். மீதிப் பாதி சமையலறை.

முதலில் பொருள்கள். சாக்லேட்டில் இயல்பாகக் குளூட்டன் கிடையாது. ஆனால் பிஸ்கட் தூள், வேஃபர், பார்லி மால்ட் சேர்ந்த சாக்லேட்டுகள் ஏராளம். மால்ட் என்று பார்த்தால் வைத்துவிடுங்கள். பார்லியிலும் குளூட்டன் உண்டு, ரை தானியத்திலும் உண்டு. கோதுமைப் பொருள்கள் ஓடும் அதே இயந்திரத்தில் தயாராகும் சாக்லேட்டும் இருக்கிறது. அதனால் சாக்லேட், கோகோ பவுடர் இரண்டிலுமே 'குளூட்டன் இல்லாதது' என்ற குறிப்பு உள்ளதையே வாங்குங்கள். கோடெக்ஸ் அலிமென்டாரியஸ் என்ற சர்வதேச உணவுத் தரநிலையும் பல நாடுகளின் சட்டங்களும், ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாத உணவுக்கு மட்டுமே அந்தக் குறிப்பை அனுமதிக்கின்றன. 'கோதுமை இல்லாதது' என்பது வேறு. அதில் பார்லி இருக்கலாம். வேறு பண்டத்துக்குப் பேக்கிங் பவுடர் வாங்கினால் அதையும் படியுங்கள். சிலவற்றில் கோதுமை ஸ்டார்ச் சேர்க்கிறார்கள்.

அடுத்தது பாத்திரங்கள். உலோகமும் கண்ணாடியும் சோப்பு போட்டு நன்றாகக் கழுவினால் போதும். சல்லடைதான் பெரிய ஆபத்து. வருடக்கணக்கில் மைதா சலித்த சல்லடையின் கண்ணிகளில் மாவு ஒட்டிக்கொண்டிருக்கும், கழுவினாலும் முழுதும் போகாது. கோகோ சலிக்கப் புதிதாக ஒன்று வாங்குங்கள், அல்லது சலிக்காமல் விஸ்க்கால் கட்டிகளை உடையுங்கள். மரக்கரண்டி, கீறல் விழுந்த பிளாஸ்டிக் கிண்ணம், பழைய சிலிகான் பிரஷ் மூன்றும் வேண்டாம். சர்க்கரை டப்பாவில் மைதா அளந்த கரண்டி போயிருக்கும், வெண்ணெயில் பிரெட் துகள் இருக்கும். இரண்டையும் புதிய பொட்டலத்திலிருந்து எடுங்கள்.

கடைசியாக நேரம். இந்தக் கேக் செய்யும் நாளில் அதற்கு முன்னால் மைதாவைக் கையில் எடுக்காதீர்கள். சலிக்கும்போது பறக்கும் மாவு காற்றில் தங்கி, பிறகு மேடையிலும் பாத்திரத்திலும் இறங்கும். மேடையைத் துடைத்து, கை கழுவி, துவைத்த துணியை எடுத்துக்கொண்டு, அன்றைய முதல் வேலையாக இதை முடித்துவிடுங்கள். மூடி வைத்த பிறகு மற்றவற்றைச் செய்யலாம்.

இனிப்புப் பிரியன்

சகோதரி, தெரிந்துகொள்வதற்காகவே கேட்கிறேன். 180 டிகிரி சூட்டில் இவ்வளவு சிறிய அளவு மாவு அழிந்துபோகாதா? டின்னில் தூவிய கொஞ்சம் மைதா உண்மையிலேயே பாதிக்குமா?

வேதிச்சமையல்

அழியாது. கிருமி சூட்டில் சாகும். குளூட்டன் ஒரு புரதம், அதற்கு உயிரில்லை. சூட்டில் அதன் உருவம் மாறினாலும் உடல் எதிர்வினை காட்டும் பகுதி அப்படியேதான் இருக்கும். இதே காரணத்தால் கைக்குக் கிருமிநாசினி தடவுவதும் பயன் தராது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும்.

அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி மைதா சுமார் 3 கிராம். அதில் குளூட்டன் ஏறக்குறைய கால் கிராம், அதாவது 250 மில்லிகிராம். சீலியாக் உள்ள பெரும்பாலோருக்கு ஒரு நாளில் 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் குடலில் பாதிப்பு ஏற்பட வாய்ப்பு குறைவு என்று மருத்துவ இலக்கியம் சொல்கிறது. டின்னில் தூவிய மாவு 12 துண்டுகளுக்குப் பிரிந்தால்கூட ஒவ்வொரு துண்டிலும் அந்த எல்லையின் இரு மடங்கு போய்ச் சேரும்.

இது உணவுப் பழக்கம் சார்ந்த விருப்பம் அல்ல, தன்னுடல் தாக்கு நோய். சிறுகுடலின் உட்சுவரில் சத்துகளை உறிஞ்சும் குடல்விரல்கள் தேய்ந்துபோகின்றன. கோதுமைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை 1940-களில் நிறுவியவர் நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. இன்றுவரை இதற்கு நடைமுறையில் உள்ள சிகிச்சை குளூட்டனை முற்றிலும் தவிர்ப்பதுதான்.

இனிப்புப் பிரியன்

தெளிவாகிவிட்டது, நன்றி. பிரவுனி பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை, நல்ல கலவை கிடைத்தால் அருமையாகவே வரும். ஆனால் சல்லடை விஷயம் இரண்டுக்குமே பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கார்முகில்

முட்டையும் பாலும் சேராத யோசனை யாரிடமாவது இருக்கிறதா? எங்கள் கூட்டத்தில் குளூட்டன் ஒருவருக்கு ஆகாது, முட்டை இன்னொருவருக்கு ஆகாது. எல்லோருக்கும் ஒரே பண்டம் என்ற தூறலின் எண்ணம் எனக்கும் பிடித்திருக்கிறது.

வேதிச்சமையல்

இருக்கிறது. சாக்லேட், தண்ணீர் இரண்டே பொருள். பிரெஞ்சு வேதியியலாளர் எர்வே தீஸ் 1990-களில் அறிமுகப்படுத்திய 'சாக்லேட் ஷான்டிலி'.

70 சதவீத டார்க் சாக்லேட் 100 கிராமுக்குத் தண்ணீர் 90 மி.லி. இரண்டையும் மெல்லிய சூட்டில் ஒன்றாக உருக்கி, கிண்ணத்தை ஐஸ் நிறைந்த பெரிய பாத்திரத்தில் வைத்து விஸ்க்கால் அடியுங்கள். முதலில் வெறும் சாக்லேட் தண்ணீராகவே இருக்கும், நம்பிக்கை போய்விடும். பிறகு திடீரென்று தடிக்கும். அடித்த கிரீம் போல மென்மையான மடிப்புகள் நின்றதும் உடனே நிறுத்திவிடுங்கள். சில விநாடிகள் அதிகமாக அடித்தாலும் திப்பிதிப்பியாகிவிடும். அப்படி ஆனால் மறுபடி உருக்கி மறுபடி அடிக்கலாம், எதுவும் வீணாகாது. தடிக்கவே இல்லையென்றால் கொழுப்பு போதவில்லை என்று பொருள். இன்னும் கொஞ்சம் சாக்லேட் சேர்த்து உருக்குங்கள்.

முன்பு சாக்லேட்டில் நீர் பட்டால் கட்டும் என்று எழுதியதற்கு இது முரண்பாடல்ல. இங்கே நீர் ஏராளமாக இருப்பதால் சர்க்கரை கரைந்துவிடுகிறது, கொழுப்பு சிறு துளிகளாகப் பிரிந்து நீரில் மிதக்கிறது. குளிரக் குளிர அந்தக் கொழுப்பு உறைந்து காற்றுக் குமிழிகளைப் பிடித்துக்கொள்கிறது.

இதைச் செய்த உடனே சிறு கோப்பைகளில் போட்டுவிடுங்கள். குளிர்பெட்டியில் வைத்தால் இறுகிவிடும். பரிமாறுவதற்குச் சற்று முன் வெளியே எடுக்க வேண்டும். டார்க் சாக்லேட்டிலும் பால் கலப்பு இருக்கக்கூடும், உறையைப் படித்து வாங்குங்கள்.

மல்லிகை

முட்டை சேர்த்த மூஸ் ஏன் யாரும் சொல்லவில்லை? மஞ்சள் கருவைச் சாக்லேட்டில் கலந்து, வெள்ளைக் கருவை நுரைக்க அடித்துச் சேர்த்துக் குளிர்பெட்டியில் வைத்தால் முடிந்தது. ஓவனே தேவையில்லை. நான் எப்போதும் அதைத்தான் செய்கிறேன், சுவையில் இதற்கு ஈடு இல்லை.

நிலாமுற்றம்

சுவையில் மறுப்பு இல்லை மல்லிகை. ஆனால் அதில் முட்டை வேகாமல் இருக்கிறது. பெரிய கூட்டத்தில் சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் எல்லோரும் இருப்பார்கள்; வேகாத முட்டையில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா கிருமி அவர்களைத்தான் கடுமையாகத் தாக்கும். பாஸ்டரைஸ் செய்த (கிருமி சாகும் அளவு இளஞ்சூட்டில் வைத்த) முட்டை கிடைத்தால் செய்யுங்கள். இல்லையென்றால் முட்டைக்குப் பதில் கிரீமை நுரைக்க அடித்துச் சாக்லேட்டில் கலந்தாலே நல்ல மூஸ் கிடைக்கும்.

மல்லிகை

அடித்த வெள்ளைக் கருவின் லேசான தன்மை கிரீமில் வராது என்பேன். ஆனாலும் 20 பேர் என்றால் நீங்கள் சொல்வதே பாதுகாப்பு.

தூறல்

அனைவருக்கும் மிக்க நன்றி. அடுமனை ஆர்வலர் சொன்ன அளவில் ஒத்திகையாக ஒரு டின் செய்து பார்த்தேன். புதிய சல்லடை, புதிய வெண்ணெய், எல்லாம் நிலாமுற்றம் அக்கா சொன்னபடி. வீட்டில் யாருக்கும் மாவு இல்லை என்பதே தெரியவில்லை. என் கணவர் இரண்டாவது துண்டு கேட்டார்.

ஒரு கேள்வி. ஓவனில் நன்றாக உப்பியிருந்தது, ஆறியதும் நடுப்பகுதி இறங்கி, ஓரத்தில் வெடிப்பு விழுந்தது. சுவையில் குறையில்லை. விருந்தில் வைக்கும்போது பார்க்கவும் அழகாக இருக்க வேண்டும் என்று ஆசை.

அடுமனை ஆர்வலர்

இறங்குவது இந்தக் கேக்கின் இயல்பு, எந்தக் குறையும் இல்லை. சூட்டில் ஆவியும் காற்றும் விரிந்து தூக்குகின்றன, ஆறும்போது சுருங்குகின்றன. தாங்கிப் பிடிக்க மாவு இல்லாததால் அமர்ந்துவிடுகிறது. அந்த அடர்த்திக்காகத்தான் இதைச் செய்கிறோம்.

முட்டையை அதிகம் நுரைக்க அடித்திருந்தால் ஏற்றமும் இறக்கமும் கூடும், அடுத்த முறை மெதுவாகக் கலக்குங்கள். டின்னிலிருந்து தட்டில் கவிழ்த்து, அடிப்பக்கத்தை மேலே வைத்தால் சமதளமாக இருக்கும். அதன் மேல் கனாஷ் ஊற்றலாம்: கிரீம் 100 மி.லி. சூடாக்கி, பொடியாக நறுக்கிய சாக்லேட் 100 கிராம் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து மெதுவாகக் கலக்குங்கள். பளபளவென்று வழியும். மேலே புளிப்புள்ள சிறு பழங்கள் வைத்தால் கண்ணுக்கும் அழகு, இனிப்பின் திகட்டலும் குறையும். பிஸ்கட் தூளும் வேஃபர் துண்டும் மட்டும் அலங்காரத்துக்கு வேண்டாம்.

நிலாமுற்றம்

அன்று மற்ற உறவினர்களும் இனிப்பு கொண்டுவருவார்கள் அல்லவா? அங்கேதான் நாம் செய்த அத்தனையும் வீணாகிவிடக்கூடும். பக்கத்து மைதா கேக்கை வெட்டிய கத்தி இதற்கு வந்துவிடும், யாரோ ஒருவர் அன்போடு இரண்டையும் ஒரே கரண்டியில் பரிமாறுவார். உங்கள் கேக்கை வேறு மேசையில், தனிக் கத்தியோடு, முதலில் வெட்டுங்கள். குழந்தைக்குரிய துண்டுகளையும் மறுமுறை கேட்டால் தரவேண்டியதையும் ஆரம்பத்திலேயே எடுத்து மூடி வையுங்கள்.

இன்னொன்று. சாக்லேட், கோகோ, வெண்ணெய் எல்லாவற்றின் உறைகளையும் தூக்கி எறியாமல் வைத்திருந்து உங்கள் நாத்தனாரிடம் காட்டுங்கள். அவர் கேட்கத் தயங்குவார், நாங்கள் எல்லோரும் தயங்குவோம். உபசரிப்பவரைச் சந்தேகிப்பதாகிவிடுமோ என்ற கூச்சம். நீங்களாகவே காட்டினால் அந்தத் தாய் அன்று நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடுவார்.

தூறல்

இது எனக்குத் தோன்றியிருக்கவே இருக்காது அக்கா. உறைகளை எடுத்து வைத்துவிட்டேன். இன்றே நாத்தனாருக்குப் படம் எடுத்து அனுப்புகிறேன். ஏதாவது சரியில்லை என்றால் மாற்ற இன்னும் நேரம் இருக்கிறது.

சமையல் மாணவன்

நானும் செய்யப் போகிறேன், ஆனால் நாங்கள் நான்கு பேர்தான். மீதியை எத்தனை நாள் வைத்திருக்கலாம்? உறையவைக்கலாமா?

அடுமனை ஆர்வலர்

காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பெட்டியில் 4 நாள் வரை நன்றாக இருக்கும். சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன் வெளியே எடுத்துவிடுங்கள், குளிர்ந்த நிலையில் சுவை அடங்கியிருக்கும். கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்து வெட்டினால் விளிம்பு சிதையாது.

உறையவைப்பதாக இருந்தால் கனாஷ் ஊற்றுவதற்கு முன் துண்டு போட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி டப்பாவில் அடுக்குங்கள். ஒரு மாதம் தாராளமாக வைக்கலாம். எடுக்கும்போது சுற்றிய தாளைப் பிரிக்காமல் இரவு முழுவதும் குளிர்பெட்டியில் விட்டுவிடுங்கள். அப்போதுதான் வியர்க்கும் ஈரம் தாளின் மேல் நிற்கும், கேக்கின் மேல் படாது.